வேகமா வாசிச்சா குத்தமா? டிராகன்ஃபோர்ஸுக்கு ஒரு வக்காலத்து

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. மெட்டல் இசை பிடிக்காதவங்க, "இரும்புக் கடையில தகரத்த உருட்டுற சத்தம்" கட்சிக்காரங்க எல்லாரும் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். மெட்டல் கேக்குற மக்களும் தலைப்பைப் பார்த்ததுமே ஆட்டோ அனுப்பாம முழுசா படிச்சுட்டு வந்து கும்முங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

2008 தீபாவளி. சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையன் அப்போ இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். எங்கேயோ ஒரு பழைய எலக்ட்ரிக் கிதாரை அடிமாட்டு விலைக்கு வாங்கி வச்சிருந்தான். நான் அந்தக் காலத்துல பெரிய மெட்டல் மேதாவி. அயர்ன் மெய்டன், மெட்டாலிகா, ஸ்லேயர்னு வாய் நிறைய பேசிட்டுத் திரிவேன். அவன் என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, "அண்ணா, மூணு மாசமா பிராக்டிஸ் பண்றேண்ணா, கேளுங்க"ன்னு ஒரு பிட்டு வாசிச்சான். டிராகன்ஃபோர்ஸ் குழுவோட 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்' பாட்டுல வர்ற சோலோவோட ஒரு துண்டு. பாதி வேகத்துலதான் வாசிச்சான். விரல் நுனியெல்லாம் காய்ப்பு காய்ச்சிருந்தது.

வாசிச்சு முடிச்சுட்டு என் மூஞ்சியப் பார்த்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவன் கம்ப்யூட்டர்லயே யூடியூப் திறந்து, அதே குழு ஒரு திருவிழா மேடையில கேவலமா சொதப்புற வீடியோவைப் போட்டுக் காட்டி, "உன் ஆளுங்க லட்சணத்தப் பாரு. எல்லாம் ஸ்டூடியோ பித்தலாட்டம்"னு சொல்லிட்டு சிரிச்சேன். அவன் ஒண்ணும் சொல்லல. கிதாரை எடுத்து உறைக்குள்ள வச்சான். கீழ போயி முறுக்கு சாப்பிட்டோம். அவ்ளோதான்.

அந்த சிரிப்புக்கான பதில்தான் இந்தப் பதிவு. இத்தனை வருஷம் கழிச்சு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

யாரு இவங்க?

டிராகன்ஃபோர்ஸ் 1999ல் லண்டனில் ஆரம்பிக்கப்பட்ட குழு. முதல்ல வச்ச பேரு 'டிராகன்ஹார்ட்'. அந்தப் பேருல ஏற்கனவே வேற குழு இருந்ததால மாத்திக்கிட்டாங்க. லண்டன் குழுன்னு சொல்றோமே தவிர, உள்ளே இருந்த ஆளுங்களப் பாருங்க. கிதார் வாசிக்கிற ஹெர்மன் லி ஹாங்காங்கில் பிறந்தவர். இன்னொரு கிதார் சாம் டோட்மேன், இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். பாடகர் இசட்.பி. தியார்ட் தென்னாப்பிரிக்கா. கீபோர்ட் வாசிச்ச வாடிம் புருஷானோவ் உக்ரைனில் பிறந்தவர். பின்னாடி பேஸ் வாசிக்க வந்த ஃபிரெடெரிக் லெக்ளெர்க் பிரெஞ்சுக்காரர். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பசங்க ஒரு ஊர்ல கூடி ஆரம்பிச்ச குழு இது.

லியும் டோட்மேனும் அதுக்கு முன்னாடி 'டிமோனியாக்'னு ஒரு பிளாக் மெட்டல் குழுவுல இருந்தாங்க. நியூசிலாந்தில் தொடங்கி லண்டனுக்கு வந்த குழு அது. பிளாக் மெட்டல்னா தெரியும்ல... இருட்டு, சாத்தான், மூஞ்சி பூரா வெள்ளைப் பெயிண்ட் சமாச்சாரம். அந்த இசையோட டிரம்ஸ் வேகத்தை மட்டும் வச்சுக்கிட்டு இருட்டைத் தூக்கிப் போட்டுட்டு, மேல சந்தோஷமான மெட்டுகளைப் போட்டா என்ன வரும்? அதுதான் டிராகன்ஃபோர்ஸ். அவங்க தங்களோட இசைக்கு வச்சுக்கிட்ட பேரு 'எக்ஸ்ட்ரீம் பவர் மெட்டல்'. அதாவது, பவர் மெட்டலையே முறுக்கிப் பிழிஞ்சது.

பவர் மெட்டல்: ஒரு குட்டி வரலாறு

பவர் மெட்டல் ஒண்ணும் இவங்க கண்டுபிடிச்சது இல்ல. ரெண்டு கிதார் சேர்ந்து ஒரே மெட்டை ரெண்டு சுரத்துல இணையா வாசிக்கிற பழக்கம் தின் லிஸ்ஸி, ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் காலத்துலயே வந்துடுச்சு. அதை எடுத்து இன்னும் வேகமாக்கி, கூடவே எல்லாரும் சேர்ந்து பாடுற மாதிரி பெரிய பல்லவியைச் சேர்த்தது ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழு. 1987லயும் 1988லயும் ரெண்டு பாகமா வந்த அவங்களோட 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' ஆல்பங்கள்தான் இந்த வகைக்கு மூல நூல் மாதிரி. அதுல பாடின மிக்கேல் கிஸ்கே குழுவுல சேரும்போது அவருக்கு 18 வயசு.

அதுக்கப்புறம் இது நாடு நாடா பரவுச்சு. ஜெர்மனியில காமா ரே, பிளைண்ட் கார்டியன். பின்லாந்துல ஸ்ட்ராடோவேரியஸ். பிரேசில்ல ஆங்க்ரா, 1993ல முதல் ஆல்பம். இத்தாலியில ராப்ஸோடி, 1997ல முதல் ஆல்பம். ஜப்பான்ல எக்ஸ் ஜப்பான் குழு 1989லயே 'புளூ பிளட்'னு ஒரு ஆல்பத்துல பேய் வேகம் வாசிச்சு வச்சிருந்தாங்க.

இந்தப் பட்டியல்ல ரெண்டு பேரு இல்லைங்கறத கவனிச்சீங்களா? இங்கிலாந்து, அமெரிக்கா. மெட்டல் பிறந்த இங்கிலாந்துலயே இந்த வகைக்கு மரியாதை கம்மி. டிராகன், வாள், மந்திரவாதி, இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்னு ஒரு நக்கல். அந்த ஊருக்குள்ள உக்காந்துக்கிட்டு டிராகன்னு பேரு வச்சு ஒரு குழு ஆரம்பிக்கறதுன்னா... சொந்த செலவுல சூனியம்தான் :-)

அவங்க நம்பினது இணையத்தை. 2000ல் ஒரு டெமோ பதிவு பண்ணி எம்பி3.காம் தளத்துல இலவசமா ஏத்தி விட்டாங்க. பாட்டை இறக்கிக் கேக்குறதே பெரிய விஷயமா இருந்த காலம். அங்க கிடைச்ச வரவேற்புதான் 2003ல 'வேலி ஆஃப் தி டேம்ன்ட்' ஆல்பத்துல கொண்டு போய் விட்டது. 2004ல 'சோனிக் ஃபயர்ஸ்டார்ம்'.

2003: சோலோ செத்துப் போன வருஷம்

இந்த 2003ஐ கொஞ்சம் நிறுத்திப் பாக்கணும். ஏன்னா இந்தக் குழு மேல வந்த கோபம் எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

எண்பதுகள்ல கிதார் சோலோதான் ராஜா. 1978ல வான் ஹேலனோட 'எரப்ஷன்' வந்து எல்லாரையும் மிரட்டுச்சு. 1984ல சுவீடன்ல இருந்து இங்வே மால்ம்ஸ்டீன் 'ரைசிங் ஃபோர்ஸ்'னு ஒரு ஆல்பம் போட்டு, பாஹ், பாகனினி சமாச்சாரத்தையெல்லாம் மின்சார கிதாருக்குக் கொண்டு வந்தாரு. அதுக்கப்புறம் ஊர் பூரா வேகப் போட்டி. எல்லாரும் அலுத்துப் போற அளவுக்கு.

1991ல நிர்வாணா வந்தாங்க. கிழிஞ்ச சட்டை, எளிமையான இசை, உள்ளே நிஜமான வலி. காத்து திசை மாறிடுச்சு. வேகமா வாசிச்சா போலி, தப்புத் தப்பா வாசிச்சா உண்மைன்னு ஒரு எழுதப்படாத சட்டமே வந்துடுச்சு. தொண்ணூறுகளோட கடைசியில நியூ மெட்டல் வந்தப்போ சோலோங்கறதே வழக்கொழிஞ்சு போச்சு. அதோட உச்சம் 2003 ஜூன்ல மெட்டாலிகா போட்ட 'செயின்ட் ஆங்கர்'. கர்க் ஹாம்மெட்னு ஒரு பெரிய கிதார்க்காரரைக் கையில வச்சுக்கிட்டு, ஆல்பம் முழுக்க ஒரு சோலோ கூட கிடையாது!

அதே 2003லதான் டிராகன்ஃபோர்ஸ் முதல் ஆல்பம். ஒரு பக்கம் உலகத்துலயே பெரிய மெட்டல் குழு சோலோவுக்கு பாடை கட்டுது. இன்னொரு பக்கம் லண்டன்ல யாருக்கும் தெரியாத பசங்க ஒரு பாட்டுக்குள்ளயே மாத்தி மாத்தி சோலோவா வாசிச்சுத் தள்றாங்க. கல்யாண வீட்ல எல்லாரும் வெள்ளை வேட்டியில நிக்கும்போது ஒருத்தன் மட்டும் ஜிகினா சட்டை போட்டுட்டு வந்தா எப்படிப் பாப்பாங்க? அப்படித்தான் இவங்களையும் பார்த்தாங்க.

அந்தப் பாட்டும் அந்த விளையாட்டும்

2006ல 'இன்ஹ்யூமன் ராம்பேஜ்' ஆல்பம். அதுல முதல் பாட்டுதான் 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்'. ஏழு நிமிஷம் 20 நொடி. அதே வருஷம் அமெரிக்காவுல ஆஸ்ஃபெஸ்ட் மேடை வரைக்கும் போயிட்டாங்க. ஆனா வெடி வெடிச்சது 2007 அக்டோபர்ல. 'கிதார் ஹீரோ 3'ங்கற வீடியோ கேம் வெளியாச்சு. பிளாஸ்டிக் கிதார்ல அஞ்சு கலர் பொத்தான். திரையில வர்றதுக்கு ஏத்த மாதிரி அமுக்கணும். விளையாட்டு முழுக்க ஜெயிச்சு முடிச்சதும், பேரெல்லாம் ஓடும்போது கடைசியா ஒரு பாட்டு வரும். அது இவங்க பாட்டு. அதிகபட்ச கஷ்ட நிலையில 3,722 குறிகள் அதுல. கணக்கு போட்டுப் பாத்தேன், நொடிக்கு சராசரியா எட்டுக்கும் மேல.

உலகம் பூரா பசங்க கட்டை விரல் தேய விளையாடினாங்க. பவர் மெட்டல்னா என்னன்னே தெரியாத கோடிக்கணக்கான வீடுகளுக்குள்ள இந்தப் பாட்டு நுழைஞ்சுது. எங்க சித்தி பையன் கேட்டதும் அப்படித்தான், கூடப் படிச்ச பையன் வீட்ல.

கூடவே வசவும் வந்துச்சு. மெட்டல் உலகத்துல ஒரு நோய் உண்டு. நமக்கு மட்டும் தெரிஞ்ச குழு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுட்டா அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அதுவும் வீடியோ கேம் மூலமா தெரிஞ்சா... கேக்கவே வேணாம். 'நின்டெண்டோ மெட்டல்'னு பட்டப்பேரு. ஹெர்மன் லி கிதார்ல பாக்-மேன் சத்தமெல்லாம் எழுப்பி, அந்தப் பட்டத்தை சந்தோஷமா வாங்கி மாட்டிக்கிட்டாருங்கறது வேற கதை.

சரி, இனி குற்றப் பத்திரிகை. நானே ஒரு காலத்துல அரசு தரப்பு வக்கீலா இருந்தவன்ங்கறதால எல்லா செக்‌ஷனும் மனப்பாடம்.

குற்றம் ஒண்ணு: ஸ்டூடியோவுல வேகத்தைக் கூட்டிட்டாங்க

இது ஒண்ணும் அர்த்தமில்லாத சந்தேகம் இல்ல. அந்தப் பாட்டு நிமிஷத்துக்கு 200 தட்டு. ஒரு தட்டுக்கு நாலு சுரம்னு வச்சா நிமிஷத்துக்கு 800, நொடிக்கு 13க்கு மேல. மனுஷக் கையால முடியுமான்னு கேக்கத்தான் தோணும். முடியும்ங்கறதுதான் பதில். ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியா மீட்ட வேண்டியதில்ல. வலது கை விரலையும் கொண்டு வந்து ஃபிரெட் மேலயே தட்டுறது ஒரு முறை. எல்லாத் தந்தியையும் ஒரே வீச்சுல வழிச்சு இழுக்கறது இன்னொரு முறை. மால்ம்ஸ்டீன் காலத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான பேரு பண்ணிட்டு இருக்கற வேலை இது. இன்னிக்கு வீட்டுல உக்காந்து இந்தப் பாட்டை முழு வேகத்துல வாசிச்சு வீடியோ போடுற பசங்க எத்தனையோ பேரு. பத்து வயசுப் பொடிசுங்க கூட.

சரி, ஒரு வாதத்துக்கு அவங்க ஸ்டூடியோவுல துண்டு துண்டா வாசிச்சு ஒட்டினாங்கன்னே வச்சுக்குவோம். அதுல என்ன பாவம்? லெஸ் பால் 1948லயே 'லவர்' பதிவுல கிதாரை பாதி வேகத்துல பதிவு பண்ணி வேகமா ஓட்டிக் காட்டினாரு. அவரை நாம பித்தலாட்டக்காரர்னு சொல்றதில்ல, மேதைன்னு சொல்றோம். 1965ல பீட்டில்ஸோட 'இன் மை லைஃப்' பாட்டுல நடுவுல ஒரு பியானோ வரும். ஜார்ஜ் மார்ட்டின் அதை பாதி வேகத்துல வாசிச்சு, டேப்பை இரட்டை வேகத்துல ஓட்டினதுதான் அது. அந்தப் பாட்டைக் கேட்டு உருகறவங்க யாரும் "இது மோசடி"ன்னு எழுந்து போனதா நான் கேள்விப்படல. ஒரே தந்திரம், பீட்டில்ஸ் பண்ணா கலை, டிராகன் பேரு வச்சவன் பண்ணியிருப்பானோன்னு சந்தேகப்பட்டாலே களவாணித்தனம். என்ன நியாயம்ங்க இது?

குற்றம் ரெண்டு: மேடையில சொதப்பினாங்க

சொதப்பினாங்க. ஒத்துக்கறேன். 2006ல பெல்ஜியத்துல நடந்த கிராஸ்பாப் திருவிழா வீடியோதான் நான் அன்னிக்கு மாடியில காட்டினது. இன்னிக்குப் பார்த்தாலும் காதைப் பொத்திக்கத்தான் தோணும். ஒருத்தர் ஒரு பக்கம், இன்னொருத்தர் ஒரு பக்கம். அந்தக் காலத்துல மேடையிலயே பீர் குடிச்சுக்கிட்டு, குதிச்சுக்கிட்டு வாசிக்கற கூத்து வேற.

ஆனா ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. நொடிக்கு 13 சுரம்னா ஒரு சுரத்தோட ஆயுசு 75 மில்லி செகண்ட். சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். பெரிய திருவிழா மேடையில டிரம்ஸ்லேர்ந்து 10 மீட்டர் தள்ளி நின்னா, அந்த அடி உங்க காதுக்கு வந்து சேர கிட்டத்தட்ட 30 மில்லி செகண்ட் ஆகும். அதாவது ஒரு சுரத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. காலடியில இருக்கற மானிட்டர் ஸ்பீக்கர் ஒழுங்கா கேக்கலைன்னா ரெண்டு கிதாரும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிடும். மெதுவா வாசிக்கற குழுவுக்கும் இதே 30 மில்லி செகண்ட் தாமதம் உண்டு, ஆனா அது யார் காதுலயும் விழாது. அடிக்கறது எல்லாரும்தான், மாட்டிக்கறது இவங்க மட்டும்.

ஒரு குழு நூத்துக்கணக்குல வாசிச்ச மேடைகள்ல ஒரே ஒரு மோசமான நாளை எடுத்து, அதையே ஜாதகமா எழுதி வச்சுட்டோம். யூடியூப் 2005லதான் வந்தது. சொதப்பல் காலகாலத்துக்கும் நிலைச்சு நிக்கும்ங்கற பாடத்தை உலகத்துலயே முதல்ல கத்துக்கிட்ட குழுக்கள்ல இதுவும் ஒண்ணு. அதுக்கு முந்தின தலைமுறை ஜாம்பவான்கள் குடிச்சுட்டு சொதப்பின ராத்திரியெல்லாம் காத்தோட போச்சு. கொடுத்து வச்சவங்க.

குற்றம் மூணு: எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி

இதுல எனக்கு வாதமே இல்ல. முதல் மூணு ஆல்பமும் கலந்து போட்டா எது எந்த ஆல்பம்னு நானே தடுமாறுவேன். நெருப்பு, தூரம், போர், இருட்டு, விடியல், இந்த அஞ்சாறு வார்த்தையைக் குலுக்கிப் போட்டா ஒரு பாட்டு ரெடி. தண்டனை கொடுங்க, ஏத்துக்கறேன். ஆனா ஏசி/டிசி குழுவையும் இதே சொல்லித்தான் கிண்டல் பண்ணுவாங்க. அங்க அதுக்குப் பேரு 'கொள்கை மாறாதவங்க'.

குற்றம் நாலு: வெறும் வித்தை, உணர்ச்சி இல்ல

இதுதான் பெரிய குற்றச்சாட்டு. ரொம்பப் பழசும் கூட. எவ்ளோ பழசுன்னா, மின்சாரமே வர்றதுக்கு முந்தினது.

பாகனினி 1782ல இத்தாலி ஜெனோவாவுல பிறந்த வயலின் வித்வான். அவரோட 24 கேப்ரிஸ்கள் 1820ல அச்சுல வந்தப்போ, இதை மனுஷன் வாசிக்க முடியாதுன்னு பேச்சு. 1828ல வியன்னா, 1831ல பாரிஸ், லண்டன்னு போன இடமெல்லாம் கூட்டம் முண்டியடிச்சுது. கூடவே வதந்தி: இவன் பிசாசு கிட்ட ஆத்மாவை வித்துட்டு வாங்கின வித்தை இது! கேலிச் சித்திரம் போட்டாங்க. வெறும் சர்க்கஸ்காரன்னாங்க. 1840ல நீஸ் நகரத்துல செத்தப்போ தேவாலயம் முறைப்படி அடக்கம் பண்ண விடல. உடம்பு பல வருஷம் இடம் மாறி மாறி அலைஞ்சுது. 'ஸ்டூடியோவுல வேகத்தைக் கூட்டிட்டான்'ங்கறதோட 19ஆம் நூற்றாண்டு பதிப்புதான் அந்தப் பிசாசுக் கதை. கையால முடியும்னு நம்ப மனசு வரலைன்னா, அந்தக் காலத்துல பிசாசு, இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்.

ஆனா 1832ல பாரிஸ்ல அந்த சர்க்கஸைப் பார்க்க இருபது வயசுப் பையன் ஒருத்தன் போயிருந்தான். பார்த்துட்டு வீட்டுக்கு வந்து, பியானோவுல நானும் இப்படி ஆகறேன்னு வெறியோட சாதகம் பண்ண ஆரம்பிச்சான். அவன் பேரு ஃபிரான்ஸ் லிஸ்ட். பின்னாடி பியானோ வாசிக்கற முறையையே மாத்தினவரு. அவருக்கும் அதே வசவு வந்துச்சு. அவரு கச்சேரியில ஜனங்க பண்ண அலம்பலைப் பார்த்து, கவிஞர் ஹைன 1844ல அதுக்கு 'லிஸ்ட் பைத்தியம்'னு பொருள் வர்ற மாதிரி ஒரு பேரே வச்சாரு.

நான் டிராகன்ஃபோர்ஸை பாகனினின்னு சொல்ல வரல. அவ்ளோ தூரம் போனா நீங்க நிஜமாவே ஆட்டோ அனுப்பிடுவீங்க. சொல்ல வர்றது இதுதான்: வித்தை காட்டறதும் ஒரு உணர்ச்சிதான். "பாருடா, என்னால முடியுது!"ங்கற சந்தோஷம். சோகம்தான் ஆழம், சந்தோஷம் மேலோட்டம்னு யாரு சொன்னது? ஒரு பையன் சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டறப்போ அவன் மூஞ்சியில வர்ற வெளிச்சம் பொய்யா?

அப்புறம் என்ன ஆச்சு?

2008ல 'அல்ட்ரா பீட்டவுன்'. அந்த ஆல்பத்தோட 'ஹீரோஸ் ஆஃப் அவர் டைம்' பாட்டு 2009 கிராமி விருதுல சிறந்த மெட்டல் பிரிவுக்குப் பரிந்துரை ஆச்சு. ஜெயிச்சது யாரு தெரியுமா? மெட்டாலிகா. 'மை அபோகலிப்ஸ்' பாட்டு. 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்துல இருந்து. அந்த ஆல்பத்துல கர்க் ஹாம்மெட் மறுபடியும் சோலோவா பொளந்து கட்டியிருப்பாரு! 2003ல சோலோவுக்கு பாடை கட்டினவங்களும், அதே வருஷம் சோலோவைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவங்களும் ஒரே பட்டியல்ல. விருதை மெட்டாலிகா எடுத்துட்டுப் போகட்டும். காத்து எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு பாருங்க.

2010ல பாடகர் தியார்ட் விலகினாரு. மார்க் ஹட்சன் வந்தாரு. 2012ல 'தி பவர் விதின்' ஆல்பத்துல, யாரும் எதிர்பாராத மாதிரி, மெதுவான பாட்டெல்லாம் வந்துச்சு. 2014ல ஜென்ஸ் போக்ரென் தயாரிப்புல 'மேக்சிமம் ஓவர்லோட்'. ஜப்பானோட பேபிமெட்டல் குழுவுக்கு 'ரோட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' பாட்டுல லியும் டோட்மேனும்தான் கிதார். 2017ல ஒண்ணு, 2019ல ஒண்ணு, 2024ல 'வார்ப் ஸ்பீட் வாரியர்ஸ்'. டைட்டானிக் பாட்டையும் டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டையும் கூட விட்டு வைக்காம பவர் மெட்டலாக்கி வச்சிருக்காங்க. தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணிக்கத் தெரிஞ்சவங்களை மத்தவன் எவ்ளோ கிண்டல் பண்ணிட முடியும்?

எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. 2019 ஆல்பத்தோட கிதார் பதிவுல ஒரு பகுதியை ஹெர்மன் லி டிவிட்ச் தளத்துல நேரடி ஒளிபரப்பிலயே பண்ணாரு. ஸ்டூடியோவுல மோசடி பண்றான்னு வருஷக்கணக்கா கத்தினோம்ல? வா, வந்து பக்கத்துல உக்காந்து பாருன்னு கதவைத் திறந்து விட்டுட்டாரு. இதுக்கு மேல என்ன பதில் வேணும்?

மறுபடியும் அந்த மாடி

போன வருஷம் ஒரு கல்யாணத்துல சித்தி பையனைப் பார்த்தேன். இப்போ அவனுக்கு ஒரு பொண்ணு, ரெண்டாம் கிளாஸ் படிக்குது. சாப்பாட்டுப் பந்திக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது நானா பேச்செடுத்தேன். "டேய், அந்தக் கிதார் என்னடா ஆச்சு?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வித்துட்டேண்ணா"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். "அன்னிக்கு நீங்க அவங்க மோசமா வாசிக்கறாங்கன்னு காட்டினீங்க. நான் எப்படி வாசிச்சேன்னு சொல்லவே இல்லைண்ணா."

எனக்கு பதில் வரல. பந்திக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டோம்.

யோசிச்சுப் பார்த்தா, அவன் சொன்னது நாம எல்லாரும் பண்ற வேலை. ஒரு குழுவைப் பிடிக்கலைன்னு சொல்றதுக்கு யாருக்கும் உரிமை உண்டு. எனக்கே கூட டிராகன்ஃபோர்ஸ் ஆல்பம் ஒண்ணை முழுசா ஒரே மூச்சுல கேக்க முடியாது, நாலாவது பாட்டுல தலை சுத்தும். ஆனா அந்தக் குழுவைத் திட்டறதா நினைச்சு நாம உண்மையில திட்டினது யாரை? லியும் டோட்மேனும் என் சிரிப்பால ஒரு பைசா நஷ்டப்படல, உலகம் சுத்திட்டுத்தான் இருக்காங்க. நஷ்டப்பட்டது மொட்டை மாடியில காய்ச்சுப் போன விரலோட உக்காந்திருந்த ஒருத்தன்.

பாதி வேகத்துல வாசிச்சாலும், அந்தத் துண்டுல ஒரு சுரம் கூட அவன் தப்பா வாசிக்கலடா சாமி. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.

பி.கு. 1: இந்தப் பதிவோட சுட்டியை அவனுக்கு அனுப்பப் போறேன். என்ன சொல்றான்னு பார்ப்போம்.

பி.கு. 2: "ஸ்லேயர் கேக்கறவன் பேசற பேச்சா இது"ன்னு கேக்க வர்ற மக்களுக்கு... ஸ்லேயரும்தான் கேக்கறேன், இதுவும்தான் கேக்கறேன். காது ரெண்டு இருக்குல்ல? :-)